படத்தில் தெரியும் பறவை மட்டும் போதாது

மூளையின் எம்ஆர்ஐ படத்தில் ஒரு பறவை தெரிகிறது என்றால் நம்புவீர்களா? தலையை நடுவில் நெடுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் எடுக்கப்படும் படத்தில், சிலருக்கு மூளைத்தண்டின் மேற்பகுதி தேய்ந்து, நீண்ட அலகுள்ள ரீங்காரச் சிட்டின் தலையைப் போலக் காட்சி தரும். மருத்துவர்கள் அதை ‘ரீங்காரச் சிட்டுக் குறி’ என்றே அழைக்கிறார்கள்.

இந்தப் பறவை நல்ல சகுனமன்று. பிஎஸ்பி எனப்படும் அரிய நரம்புச் சிதைவு நோயின் அடையாளம் அது. கனடாவின் டொரோண்டோ நகரில் பணியாற்றிய ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்னும் மூவர் 1964ல் இந்நோயை விரிவாக விவரித்தனர். டௌ என்ற புரதம் மூளை அணுக்களுக்குள் முடிச்சு முடிச்சாகச் சேர, அந்த அணுக்கள் மடிகின்றன. மூளைத்தண்டின் உச்சியிலுள்ள நடுமூளை சுருங்குகிறது. அதன் கீழே இருக்கும் பான்ஸ் பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சுருங்கிய நடுமூளை சிட்டின் தலையாகவும், பான்ஸ் அதன் உடலாகவும் தெரிவது இதனால்தான்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட அளவீட்டில், படத்தில் நடுமூளையின் பரப்பு நோயற்றவர்களுக்குச் சராசரியாக 118 சதுர மில்லிமீட்டர். பிஎஸ்பி நோயாளிகளுக்கோ 56 தான். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 103. முதலில் பார்க்கின்சன் என்றே தவறாகக் கருதப்படும் ஒரு நோயைப் பிரித்தறிய இது பெரிய உதவி. இன்று கணினியே இத்தகைய அளவுகளை எடுத்துத் தருகிறது.

அப்படியானால் படமே போதுமா? போதாது என்பதே என் கருத்து.

நோயின் தொடக்கத்தில் படம் இயல்பாகவே தோன்றலாம். வேறு சில நோய்களிலும் இதே வடிவம் வரலாம். ஆனால் நோயாளியின் உடல் முன்கூட்டியே பேசத் தொடங்கிவிடுகிறது. காரணமின்றிப் பின்பக்கமாக விழுவார். கண்களை மேலும் கீழும் அசைக்கச் சிரமப்படுவார். படியிறங்கும்போது படி தெரியாது. தட்டில் இருக்கும் சோறு பார்வையில் படாது. மருத்துவர் தம் விரலை மேலும் கீழும் நகர்த்தி, “கண்ணால் பின்தொடருங்கள்” என்று சொல்லிச் செய்யும் சோதனைக்குச் செலவே இல்லை.

ஆங்கில நடிகர் டட்லி மூர் ‘ஆர்தர்’ படத்தில் குடிகாரராக நடித்துப் புகழ்பெற்றவர். பிற்காலத்தில் அவர் தடுமாறியபோது, உண்மையிலேயே குடித்திருக்கிறார் என்று பலர் நினைத்தார்கள். தமக்கு பிஎஸ்பி என்று அவர் 1999ல் அறிவித்தார், 2002ல் காலமானார். அவருக்கு நேர்ந்த அவமானத்தை எந்தக் கருவியாலும் துடைக்க முடியாது. சுற்றியிருந்தவர்கள் முடிவுகட்டும் முன் கவனித்திருந்தால் அது குறைந்திருக்கும்.

முதியவர் ஒருவர் விழுந்தாலே இந்த நோய் என்று அஞ்ச வேண்டாம். ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 5 முதல் 7 பேருக்கே இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. ஆனால் தாத்தா எப்போது விழுந்தார், எந்தப் பக்கம் விழுந்தார், எப்படிப் பார்க்கிறார் என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வதும் மருத்துவத் தகவல்தான். அதை மருத்துவரிடம் சொல்லத் தயங்கக்கூடாது. மருத்துவரும் கணினித் திரையிலிருந்து பார்வையைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

இன்னோர் உண்மையும் உண்டு. இந்நோயை முழு உறுதியுடன் சொல்ல, இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய வேண்டியிருக்கிறது. படத்தில் கண்டது சரிதானா என்று நமக்குச் சொல்லித் தருபவர்கள், தங்கள் மூளையை ஆய்வுக்குக் கொடையளித்தவர்களே. சிங்கப்பூரிலும் 2019ல் ஒரு மூளை வங்கி தொடங்கப்பட்டது. இதைப் பற்றி வீட்டில் பேசுவது அபசகுனம் என்று நாம் ஒதுக்கிவிடக்கூடாது.

பிஎஸ்பியைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. நாளை வரும் மருந்து, அணுக்கள் பெருமளவு மடிவதற்கு முன்பே கொடுக்கப்பட வேண்டியிருக்கும். பறவை தெளிவாகத் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நாளைய மருத்துவர்களே, படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன், எதிரே அமர்ந்திருப்பவரின் கண்களைப் பாருங்கள்.