முனை அறுந்தாலும் சாகாத தாவர வைரஸ்: ஸ்ப்ரே அடித்தால் சரியாகிவிடுமா?

மொபைல் சார்ஜர் கேபிள் முதலில் எங்கே பழுதாகும்? பெரும்பாலும் முனையில்தான். நடுவில் வயர் நன்றாக இருந்தாலும் முனை போச்சுன்னா சார்ஜ் ஏறாது. தாவரங்களைத் தாக்கும் பல வைரஸ்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால், அவற்றில் சில தங்கள் முனையைத் தாங்களே சரிசெய்துகொள்கின்றன.

முனை ஏன் முக்கியம்?

தாவர வைரஸ்களில் பெரும்பாலானவை தங்கள் மரபுத் தகவலை ஆர்என்ஏ இழையில் வைத்திருக்கின்றன. செல்லுக்குள் நுழைந்ததும் அந்த இழையைக் காப்பி எடுத்தால்தான் வைரஸ் பெருகும். காப்பி எடுக்கும் என்சைம் இழையின் கடைசி முனையில் இருந்துதான் வேலையை ஆரம்பிக்கும். அங்கே சில எழுத்துகள் காணாமல் போனாலே சிக்கல். செல்லுக்குள் ஆர்என்ஏவை முனையில் இருந்து கடித்துத் தின்னும் என்சைம்களும் இருக்கின்றன.

செடியின் கருவியே வைரஸுக்கும்

பார்லி போன்ற புல் வகைகளைத் தாக்கும் ப்ரோம் மொசைக் வைரஸின் முனை, செடியின் சொந்த 'கடத்து ஆர்என்ஏ' போலவே மடிந்திருக்கும். கடத்து ஆர்என்ஏவின் கடைசியில் சி-சி-ஏ என்ற மூன்று எழுத்துகள் இருக்க வேண்டும். அதை ஒட்டவைக்க செடியிடம் ஒரு என்சைம் உண்டு. அந்த என்சைம் வைரஸையும் தன் ஆள் என்று நினைத்து, அதன் முனையையும் சரிசெய்துவிடுகிறது. 1989-லேயே ஆய்வாளர்கள் இதை விளக்கிவிட்டார்கள்.

இன்னொரு ரூட்டும் உண்டு. டர்னிப் கிரிங்கிள் வைரஸை ஒட்டிப் பிழைக்கும் 356 எழுத்து ஆர்என்ஏ ஒன்று இருக்கிறது. அதன் முனையை வெட்டிப் பார்த்தது அமெரிக்க விஞ்ஞானி ஆன் சைமனின் குழு ('எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் அறிவியல் ஆலோசகரும் இவர்தான்). முனை திரும்ப வந்தது! காப்பி எடுக்கும் என்சைம், முழுசாக இருக்கும் பெரிய வைரஸின் முனையில் இருந்து குட்டித் துண்டுகளை உருவாக்கி, வெட்டுப்பட்ட இழைக்குப் பயன்படுத்துகிறது என்று 1990-களில் அந்தக் குழு விளக்கியது.

சரி, நமக்கு என்ன?

மாடித்தோட்டத் தக்காளி இலையில் தேமல் வந்தால் உடனே வரும் கேள்வி, "எந்த ஸ்ப்ரே அடிக்கலாம்?" என்பதுதான். பூஞ்சைக்கொல்லி வைரஸை ஒன்றும் செய்யாது. பூச்சிமருந்து, வைரஸைச் சுமந்துவரும் அசுவினியைத்தான் குறைக்கும். தாக்கப்பட்ட செடியில் இருந்து வைரஸை முழுசாகத் துடைத்தெடுக்கும் ஸ்ப்ரே எதுவும் கடையில் கிடையாது.

அது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்த முனை ரிப்பேர் நல்ல உதாரணம். சி-சி-ஏ ஒட்டும் என்சைமை முடக்கினால் வைரஸுக்கு அடி விழலாம். ஆனால், அந்த என்சைம் இல்லாமல் செடியால் புரதமே தயாரிக்க முடியாது. செடிதான் முதலில் சாகும்.

அதனால், காசும் கவனமும் போக வேண்டிய இடம் வேறு. நோயில்லாத விதை, நாற்று. தேமல் கண்ட செடியை உடனே பிடுங்குவது. அதைத் தொட்ட கையையும் கத்தரியையும் கழுவுவது. எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்கள். ஹவாயில் வளையப்புள்ளி வைரஸால் அழிந்துகொண்டிருந்த பப்பாளியை 1998-ல் மீட்டது, செடிக்குள்ளேயே எதிர்ப்பை வைத்து உருவாக்கிய 'ரெயின்போ' ரகம்தான்.

உள்ளே வந்துவிட்ட வைரஸுக்கு ரிப்பேர் செய்ய செடியே உதவுகிறது. அதை வாசலிலேயே நிறுத்துவதுதான் நம் கையில் இருக்கும் வேலை.