பால்மரம் சீவிய கையும் பல்கலைக்கழகப் பாடமும்



கூலிம் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். மூத்த மகள் எஸ்.டி.பி.எம். தேறி, பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் பிள்ளை. முதல் சோதனையில், உயிரணுவையும் மூலக்கூறையும் பற்றிய பாடத்தில் 100-க்கு 38 வாங்கியிருக்கிறாள். "இரவு 2 மணி வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறாள், சார். பி.டி.பி.டி.என். கடன் வேறு வாங்கியிருக்கிறோம். வேறு பாடத்துக்கு மாறச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. அடுத்த சோதனை வரையிலாவது பொறுத்திருங்கள். நான் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் பெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியன்தான், விரிவுரையாளன் அல்லன். ஆனாலும் என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர்கள் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். 38 வாங்கும் பிள்ளையின் நோட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று வர்ணப் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போட்டிருக்கும். கண்ணுக்கு அழகாக இருக்கும். மூடிவிட்டுக் கேட்டால் ஒன்றும் வராது.

பள்ளியில் "மைட்டோகோண்டிரியாவின் பணி என்ன?" என்று கேட்பார்கள். ஒரு வரி எழுதினால் புள்ளி கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. "எரித்ரோமைசின் மாத்திரை கிருமியின் ரைபோசோமைத் தடுக்கிறது, நம் உடம்பிலும் ரைபோசோம் இருக்கிறதே, அதை ஏன் தடுப்பதில்லை?" என்று கேட்பார்கள். ரைபோசோம் புரதம் செய்யும் இடம் என்பதை மனப்பாடம் செய்தவளுக்கு அங்கே பேனா நின்றுவிடும். கிருமியின் ரைபோசோமும் நம்முடையதும் அமைப்பில் வேறானவை என்பதைப் புரிந்துகொண்டவள் எழுதிவிடுவாள்.

ஆக, இரவு 2 மணி வரை விழித்தது குற்றமல்ல; படித்ததையே திரும்பத் திரும்பப் படித்ததுதான் கோளாறு. இதை நான் சும்மா சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பாடப் பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்து, பிறகு அதைப் பார்க்காமல், நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரு முறை படித்தவர்களே மேல்: அவர்கள் நூற்றுக்கு 81, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது இரு முறை படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள்.

அந்த முதல் ஐந்து நிமிடம்தான் நம் பிள்ளைகளை ஏமாற்றுவது. புத்தகத்தை மூடும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். சோதனையோ மூன்று வாரம் கழித்து அல்லவா வருகிறது!

இனி மகளிடம் சொல்லுங்கள்: விரிவுரை முடிந்த அன்றைக்கே, நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுத வேண்டும். வார்த்தையைவிடப் படம் நல்லது. உயிரணுவை வரைந்து, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போடட்டும். பிறகு நோட்டைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி புதுத்தாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும். சிவப்பு குறைந்துகொண்டே வருகிறதா என்று பார்த்தாலே போதும், படிப்பு ஏறுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். முதல் தாள் பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து அழக் கூடாது.

மொழியும் ஒரு தடைதான். பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. பிள்ளை யோசிப்பது தமிழில். வாரக் கடைசியில் அவள் வீட்டுக்கு வந்தால், சாப்பாடு போட்டுக்கொண்டே, "இந்த வாரம் என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பாடப்புத்தகச் சொல் இல்லாமல் உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் அவளுக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம். டி.என்.ஏ. என்பது தோட்டத்து ஆபீசில் இருக்கும் பெரிய பேரேடு மாதிரி. அது வெளியே போகாது. கிராணி வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருகிறார், அது ஆர்.என்.ஏ. வெளியே இருப்பவர் அந்தத் தாளைப் பார்த்து வேலையை முடிக்கிறார். அவர் ரைபோசோம், முடிந்த வேலை புரதம். இப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியாதா? அவள் இப்படிச் சொல்லும்போது இன்னொன்றும் கேளுங்கள்: "இந்த உவமை எங்கே பொருந்தாது?" பாக்டீரியாவுக்கு ஆபீஸ் அறையே கிடையாது, கிராணி எழுதி முடிக்கும் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். பல்கலைக்கழகத்தில் கேள்வி வருவது பெரும்பாலும் இந்தப் பொருந்தாத இடத்திலிருந்துதான்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள், அம்மா. நீங்கள் மங்கில் பிடித்த பால் வெறும் மரச்சாறு அல்ல. பட்டைக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து குழாயாகிவிட்ட உயிரணுக்களின் உள்ளிருப்பே அது. உட்கரு பெரும்பாலும் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடுவதால், அடுத்த வெட்டுக்குள் மரம் மறுபடி பாலை உண்டாக்கிக்கொள்கிறது. விடியற்காலையில் பால் அதிகம் வருவதும் வெயில் ஏறினால் குறைவதும் உங்களுக்குத் தெரிந்ததே. இரவில் இலை நீரை அதிகம் விடாததால் அந்த உயிரணுக்களில் அழுத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பால் ஏன் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது? பாலுக்குள் லூட்டாய்டு என்ற நுண்ணிய பைகள் இருக்கின்றன. அவை உடைந்து, ரப்பர் துகள்களை ஒட்டவைத்து, வெட்டுவாயை அடைக்கின்றன. சவ்வு, அழுத்தம், நுண்பை என்று உங்கள் மகள் புத்தகத்தில் தேடுவதெல்லாம் உங்கள் நிரையிலேயே இருந்தது.

இன்னொன்று சொன்னால் மகிழ்வீர்கள். நீங்கள் சீவியது ஆர்.ஆர்.ஐ.எம். 600 வகையாகவே இருக்கலாம். அந்த வகை மரத்தின் மரபுத்தொகுதியைப் படித்து 2013-இல் வெளியிட்டவர்கள் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் வங்கதேசத்தைச் சேர்ந்த மக்சுதுல் ஆலம். அப்போது சுமார் 69,000 மரபணுக்கள் என்று கணக்கிட்டார்கள். 2016-இல் சீன ஆய்வாளர்கள் வேறொரு வகை மரத்தைப் படித்துச் சுமார் 44,000 என்றார்கள். எண்களை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளை இந்த இடத்தில் என்ன செய்யும்? எப்படி எண்ணினார்கள் என்று கேட்கிற பிள்ளைதான் தேறும்.

புத்தகச் செலவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஜோர்ஜ் டவுனில் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு பதிப்பு பழையதானாலும் முதலாண்டுக்குப் போதும். சவ்வும் ரைபோசோமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. பழைய சோதனைத் தாள்கள் கிடைத்தால் அவை புத்தகத்தைவிட உதவும். விளங்காததை விரிவுரையாளரிடம் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். இரவு 2 மணி வரை தனியே மல்லுக்கட்டுவார்களே தவிர, அறைக்கதவைத் தட்டமாட்டார்கள்.

வரும் ஞாயிறு அவளிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: "எத்ரெல் தடவினால் பால் ஏன் அதிக நேரம் ஓடுகிறது?" உடனே பதில் வராவிட்டால் பாதகமில்லை. தாளும் பென்சிலும் எடுத்துக் கொடுங்கள். என்ன வரைந்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.