நிபந்தனை இல்லாத எழுத்து

தோழனே!

சென்ற வாரம் ஆவடியில் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் அன்பர் ஒருவர் என்னை மறித்தார். "பாதிரிமார் புகுந்த இடமெல்லாம் பழங்குடியினர் பண்பாடு பாழாயிற்று. இதை ஏன் முழங்க மறுக்கிறீர்?" என்றார். ஓரிரு வரியில் விடை பகரக்கூடிய வினா அன்று அது. ஆகவே ஏட்டில் எழுதுகிறேன்.

காசி மலைக்கு வா. கங்கைக்கரைக் காசி அல்ல. மேகாலயத்திலே காசி இனத்தார் வாழும் மலை. 1841-ல் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் அங்கே வந்தார். வாய்மொழியாய் வாழ்ந்த காசி மொழிக்கு ரோமன் எழுத்தில் வடிவம் தந்தார், பள்ளி கண்டார். கொடை பெரிது, கேட்ட விலையோ கொடிது! மதம் மாறியவர் முன்னோர் சடங்குகளைத் துறந்திட வேண்டும் என்றனர் பாதிரிமார்.

பிறகு நடந்தது என்ன? 1896-ல் ஜீபன் ராய் எனும் காசிப் பெரியவர் அச்சகம் கண்டார். 1899 நவம்பர் 23-ல், முன்னோர் நெறியையும் பண்பாட்டையும் காத்திட, 16 இளைஞர் கூடிச் 'செங் காசி' அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் ஏந்திய கருவி எது? பாதிரியார் தந்த அதே எழுத்து! மதம் மாறியவரும் தாய்வழிக் குலப்பெயரைத் துறந்தாரில்லை. 2005-ல் காசி மொழி, மேகாலயத்தின் துணை ஆட்சிமொழியாயிற்று.

பண்பாட்டைப் பறிப்பது எழுத்தன்று, தோழனே. எழுத்தோடு ஒட்டி வரும் நிபந்தனை! எழுத்தறிந்தவன், எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைத் தானே தீர்மானிப்பான்.

காசி மலைக்காகக் கண்ணீர் வடிக்கும் அன்பர், நம் திருவள்ளூர் மாவட்டத்து இருளரைக் கண்டதுண்டா? மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கன்னியம்மனை வணங்கக் கூடும் மக்கள் இருளர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்தது. அதன் பின்னரும், முன்பணம் வாங்கிய குற்றத்திற்காக, அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் குடும்பம் குடும்பமாய்க் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டோர் அவர்கள். பூட்டியது பாதிரியா? பக்கத்து ஊர் முதலாளி அல்லவா! பழங்குடிச் சான்றிதழுக்காக அவர்களை அலைய வைப்பதும் அயல்நாட்டானா?

ஆகவே, அடுத்த ஞாயிறன்று உன் ஊர் ஓரத்து இருளர் குடியிருப்புக்குச் செல். பிள்ளை பள்ளி செல்கிறதா, சான்றிதழ் வந்ததா என்று கேள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேளாதே. பெயரை மாற்றச் சொல்லாதே. நம் கொடியை நட்டால்தான் உதவி என்றும் சொல்லிவிடாதே.

நிபந்தனையோடு எழுத்தைத் தந்தால், நாமும் அந்தப் பாதிரிகளே!