தார் ரோட்டில் ஒரு தார்

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் பக்கத்து டீம் பையன் ஒருத்தன் என்னைப் பிடிச்சுக்கிட்டான். புதுசா மஹிந்திரா தார் எடுத்திருக்கான். "ஜி, மட் டெரெய்ன் டயர் மாத்தலாம்னு இருக்கேன், எது நல்லா இருக்கும்?"னு கேட்டான். "வார இறுதியில வண்டியை எடுத்துக்கிட்டு எங்கே போவே?"ன்னு திருப்பிக் கேட்டேன். "ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் ஜி"ன்னான். சிரிக்கலை. ஏன்னா ஒரு காலத்துல இதே பதிலைச் சொல்லிட்டு அதே டயரை வாங்கின பெரிய மனுஷன் நான்தான். முழுக் கதையும் சொல்றதுக்குள்ள ஆணி புடுங்கக் கூப்பிட்டுட்டாங்க. அதான் இங்கே எழுதறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2022ல் செகண்ட் ஹேண்டில் ஒரு தார் வாங்கினேன். 255/65 ஆர்18 அளவில் ஆல் டெரெய்ன் டயர் போட்டே வந்தது. நல்ல டயர். ஆனா பார்க்க "சாது"வா இருந்தது. யூட்யூபில் சேத்துக்குள்ள முங்கி எழும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து மண்டை சூடாகி, ஆறே மாசத்துல அதைக் கழட்டி வித்துட்டு, கட்டை கட்டையா பல்லு வச்ச மட் டெரெய்ன் டயரை மாட்டினேன். அன்னிக்கு சாயந்திரம் வண்டியைச் சுத்தி நின்னு முப்பது போட்டோ எடுத்தேன். தங்கமணி பால்கனியில இருந்து பார்த்துட்டு, "டிராக்டர் வாங்கியிருந்தா இன்னும் சீப்பா முடிஞ்சிருக்குமே"ன்னாங்க. அப்போ புரியலை.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஃபோர் பை ஃபோர் வண்டி டயரை மூணு ஜாதியா பிரிப்பாங்க. ஹைவே டெரெய்ன்: தார் ரோட்டுக்கானது, சத்தம் கம்மி. மட் டெரெய்ன்: சேறு, களிமண்ணுக்கானது, பெரிய கட்டைகள், நடுவுல அகலமான பள்ளம். வண்டி சேத்துல சுத்தும்போது பள்ளத்துல அடைஞ்ச மண்ணை வெளியே எறிஞ்சுட்டு மறுபடி பிடிக்கணும், அதுக்குத்தான் அந்த அகலம். இது ரெண்டுக்கும் நடுவுல ஆல் டெரெய்ன். இந்த நடுவாந்தர ஆளை யாரும் மதிக்கறதில்லை. நானும் மதிக்கலை.

மட் டெரெய்ன் மாட்டின முதல் மாசம் எல்லாம் காமெடிதான். எழுபதைத் தாண்டினா ஹெலிகாப்டர் சத்தம். அப்பா ஒரு தடவை பேரிங் போயிடுச்சுன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டுட்டார். மைலேஜ் குறைஞ்சுது. ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டுத் திரும்புச்சு. இதெல்லாம் கெத்துக்குக் கொடுக்குற விலைன்னு தாங்கிக்கிட்டேன்.

2023 நவம்பர் மாசம் காமெடி முடிஞ்சுது. ஊருக்குப் போற வழி, திண்டிவனம் தாண்டி, ராத்திரி எட்டு மணி இருக்கும். மழை அப்போதான் விட்டு லேசா தூறிக்கிட்டு இருந்தது. பக்கத்துல அப்பா, பின்னாடி தங்கமணி. எண்பதுல போய்க்கிட்டு இருந்தேன். மீடியன் இடைவெளியில இருந்து ஒரு பைக் குறுக்கே ஏறிடுச்சு. புருஷன், பொண்டாட்டி, நடுவுல ஒரு குழந்தை. தலைக்கு மேல பாலிதீன் கவர். பிரேக்கை மிதிச்சேன். ஏபிஎஸ் கடகடன்னு அடிக்குது, வண்டி நிக்க மாட்டேங்குது. வழுக்கிக்கிட்டே போகுது. ஹெட்லைட்ல அந்த அம்மா திரும்பிப் பார்த்த முகம் இன்னும் கண்ணுலயே இருக்கு. கடைசியில ஒரு கை தூரத்துல நின்னுச்சு. குழந்தை பாட்டுக்கு பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தது. அப்பா ஒண்ணும் பேசலை. விழுப்புரம் வரைக்கும் யாருமே பேசலை.

அவங்க அப்படிக் குறுக்கே வந்தது தப்புதான். ஈர ரோட்டுல நான் எண்பதுல போனதும் தப்புதான். டயர் மேல மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். ஆனா பழைய டயர் இருந்திருந்தா எங்கே நின்னிருப்பேன்னு கணக்குப் போடாம இருக்க முடியலை.

பொட்டி தட்டுறவன் புத்தி, கணக்கு போட்டே பார்த்தேன். பிளஸ் டூ பிசிக்ஸ்தான். உராய்வு எண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கறேன். ஈர ரோட்டுல ஒரு டயருக்கு 0.7, இன்னொண்ணுக்கு 0.5னு வச்சுக்குவோம். எண்பது கிலோமீட்டர் வேகத்துல பிரேக் பிடிச்சா முதல் வண்டி 36 மீட்டர்ல நிக்கும். ரெண்டாவது 50 மீட்டர்ல நிக்கும். பதினாலு மீட்டர்தானேன்னு தோணும். ஆனா முதல் வண்டி முழுசா நின்ன அதே இடத்தை ரெண்டாவது வண்டி தாண்டும்போது அது இன்னும் 43 கிலோமீட்டர் வேகத்துல இருக்கும். நாப்பத்தி மூணு! அந்தப் பதினாலு மீட்டருக்குள்ள ஒரு பைக், மூணு பேர்.

"பள்ளம் பெருசா இருந்தா தண்ணி நல்லா வெளியேறுமே, அப்புறம் ஏன் வழுக்குது?"ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அது அரை உண்மை. தேங்கி நிக்கிற தண்ணியில ஆழமான பள்ளம் உதவும். ஆனா தூறல்ல நனைஞ்ச ரோட்டுல இருக்கறது மெல்லிசு ஈரப்படலம். அதைத் துடைச்சு ரோட்டைப் பிடிக்க, ரோட்டுல படுற ரப்பர் நிறைய வேணும், அந்த ரப்பர்ல பிளேடால கீறின மாதிரி மெல்லிசு கீறல்கள் வேணும். மட் டெரெய்ன்ல பெரும்பாலும் ரெண்டுமே கம்மி. போதாததுக்கு, உயரமான கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது வளைஞ்சு நெளியும்.

சரி, மண்ணுலயாவது அந்த டயர் மானத்தைக் காப்பாத்துச்சான்னா, அதுவும் இல்லை. எங்க அம்மா ஊர் திருச்செந்தூர் பக்கம், செம்மண் தேரியை ஒட்டின கிராமம். அதே வருஷப் பொங்கலுக்கு மாமா தோட்டத்துக்கு கெத்தா வண்டியை விட்டேன். நூறு அடி போகலை, நாலு சக்கரமும் புதைஞ்சுடுச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்தப் பெரிய பல்லெல்லாம் ஜேசிபி மாதிரி மணலைத் தோண்டி உள்ளே இறங்குது. மாமா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து பார்த்துட்டு, "ஏல மாப்ள, வண்டியை ஏம்ல போட்டு வதைக்க? காத்தைப் பிடுங்கி வுடு"ன்னார். ஒரு தீக்குச்சியால வால்வை அமுக்கி நாலு டயர்லயும் 32 பி.எஸ்.ஐ.யை 16 ஆக்கினோம். டயர் தட்டையாகி நீளமா படிஞ்சுது. வண்டி முனகாம வெளியே வந்துடுச்சு. டயருக்கு நான் அழுத காசுல பத்துல ஒரு பங்குகூட ஆகாத காத்து மிஷின்தான் மணலுக்கு வேண்டிய சாமான்னு அன்னிக்கே புரிஞ்சிருக்கணும். புரியலை, நவம்பர் வரைக்கும் காத்திருந்தேன்.

கொழுக்குமலைக்குப் போனவங்க சூரியநெல்லியில இருந்து ஏர்ற ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. பாறை பாறையா கிடக்குற அந்தப் பாதையில நாங்க ஏறின ஜீப்போட டயர் அகலம் என் டயரைவிட எவ்வளவோ கம்மி. அண்ணன் ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில பீடின்னு ஏத்திட்டார்.

என் கட்சி இதுதான்: டயர் வாங்க வேண்டியது நாம தினம் போற ரோட்டுக்கு, போறதா கனவு காண்ற ரோட்டுக்கு இல்லை. அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு வருஷம் எக்செல்ல குறிச்சு வச்சேன். மொத்தம் 14,000 கிலோமீட்டர். தார் இல்லாத பாதை 310. நூத்துக்கு ரெண்டே சொச்சம். அந்த ரெண்டுக்காக மீதி தொண்ணூத்தி எட்டுல உயிரைப் பணயம் வச்சிருக்கேன். என் உயிர் மட்டும்னா கூட பரவாயில்லை.

வாங்கப் போறவங்களுக்கு, பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட நாலு விஷயம்:

1. உங்க கணக்கை நீங்களே எழுதிப் பாருங்க. மண் ரோடு பத்து சதவீதத்துக்குக் கீழேன்னா அடக்கமான ஆல் டெரெய்ன் போதும். கட்டைகள் நடுவுல நெருக்கமா இருக்கணும், அதுல மெல்லிசு கீறல்கள் நிறைய இருக்கணும், ஓரத்துல மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கலாம். ஈரப்பிடிப்பு, உருளும் எதிர்ப்பு, சத்தம் இந்த மூணுக்கும் ஏ.ஐ.எஸ். 142னு ஒரு தரம் இருக்கு, 2022ல மத்திய அரசு அறிவிச்சது. கடைக்காரர்கிட்ட கேளுங்க, முழிப்பார், பரவாயில்லை, கேளுங்க.

2. அளவை மாத்தாதீங்க. 255/65 ஆர்18 டயரோட விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். ஆசைப்பட்டு 33 இன்ச் போட்டா 838. ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது நீங்க 106ல போய்க்கிட்டு இருப்பீங்க. எடை குறியீடும் வேகக் குறியீடும் கம்பெனி சொன்னதுக்குக் கீழே போகக் கூடாது.

3. பக்கவாட்டுல நாலு இலக்கத் தேதி இருக்கும். 2324னா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பாங்க. நாலு டயரும் ஒரே மாதிரி இருக்கட்டும், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வேண்டாம்.

4. காத்து அளக்குற கேஜும், காத்தடிக்கிற சின்ன மிஷினும் வாங்குங்க. மணல்ல இறக்கின காத்தை தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சுடணும். இல்லேன்னா டயர் சூடாகி வெடிக்கும்.

மட் டெரெய்னே தப்புன்னு சொல்ல வரலை. ஆடி மாசத்துல கூர்க் காபித் தோட்டத்துக்குள்ள தினம் லோடு ஏத்தறவருக்கு அது வேணும். களிமண்ணுல ஆல் டெரெய்ன் பல்லு அடைச்சுக்கிட்டு மொட்டை டயரா ஆயிடும், உண்மை. அவர் தொழில் அது. என் தொழில் சோளிங்கநல்லூர் சிக்னல்ல நிக்கிறது.

2023 டிசம்பர்லயே மறுபடி ஆல் டெரெய்னுக்கு மாறிட்டேன். வித்த டயரையே புதுசா வாங்கின கதை ஆபீஸ் முழுக்க ஓடுச்சு :-) அடுத்த பொங்கலுக்கு 16 பி.எஸ்.ஐ.ல மாமா தோட்டத்தை ரெண்டு சுத்து சுத்தியாச்சு, புதையலை. அந்த பைக்ல வந்தவங்களுக்கு என் வண்டியில என்ன டயர் இருந்துச்சுன்னு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது நான் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய விஷயம்.

டிஸ்கி: கேண்டீன் பையனுக்கு இதோட சுட்டியை அனுப்பிட்டேன். "சூப்பர் ஜி, ஆனா லுக் வராதே"ன்னு பதில் வந்திருக்கு. அவ்வ்வ்வ்...