மீனவர் பேசும் ஆங்கிலம் கொச்சையா?



ஆங்கிலம் என்றதும் இலக்கணப் புத்தகமும் ஆசிரியையின் சிவப்பு மையும் நம் நினைவுக்கு வருகின்றன. படித்தவர் பேசுவதே நல்ல ஆங்கிலம், மற்றவை கொச்சை என்பது பலருடைய எண்ணம். இது சரிதானா என்று நாம் சற்றே சிந்திப்போம்.

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்னும் பெரிய தீவு இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலிருந்தும் அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதியிலிருந்தும் மீன் பிடிக்கச் சென்றவர்கள் பலர் அங்கே குடியேறினர். காட் என்னும் மீனே பல நூற்றாண்டுகள் அவர்களுக்குச் சோறு போட்டது. ஆகவே அவர்கள் வாயில் 'ஃபிஷ்' என்றாலே காட் மீன்தான்! அதை உப்பிட்டு உலர்த்துவதற்கு 'மீன் செய்தல்' என்று பெயர். உலர்த்தும் மரப்பரண் 'ஃபிளேக்'. இரு கைகளாலும் அணைத்தெடுக்கும் அளவு கருவாடு ஒரு 'யாஃபில்'.

நம் பாடத்தில் 'ஐஸ்' என்ற ஒரு சொல் போதும். அவர்களுக்கோ போதாது. கடல்மேல் பொடியாக மிதப்பது 'சிஷ்'. குழம்பாக அடர்ந்து படகைத் தடுப்பது 'ஸ்லாப்'. அலையும் சாரலும் உறைந்து கரையோரம் படிவது 'பாலிகேட்டர்'. நீருக்குள் மறைந்திருக்கும் பாறை 'சன்கர்'. இச்சொல் தெரியாமல் படகோட்டினால் உயிருக்கே ஆபத்தன்றோ! நம் கரையோர மக்கள் கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் சூட்டியிருப்பதும் இத்தகைய அறிவினால்தான்.

தேர்வுக்குப் பொது ஆங்கிலம்தானே வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வேண்டும்தான், அதை நன்றாகவே கற்போம். ஆனால் திருநாள் புடவை இருக்கிறது என்பதற்காக வேலைக்கு உடுத்தும் துணியை யாரும் இகழ்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடமுண்டு.

இச்சொற்களை அறிஞர்கள் இகழவில்லை. தீவின் மெமோரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டோரி, கிர்வின் ஆகியோரும் விடோசன் என்பவரும் அவற்றைத் தொகுத்து 1982-இல் பெரிய அகராதியாகவே வெளியிட்டனர். அது காலத்தால் செய்த உதவி. பத்தே ஆண்டுகளில், 1992-இல், காட் மீன் வளம் குன்றியதால் அரசு அம்மீன்பிடிப்பை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். 2024-இல்தான் அத்தடை நீங்கியது. தொழில் நின்றால் சோறு மட்டுமா போகும்? அதனோடு பிறந்த சொற்களும் நாவை விட்டு அகலும். பரணே இல்லாத வீட்டில் பிள்ளைக்கு 'ஃபிளேக்' என்று யார் சொல்லித் தருவார்?

நம் மீனவரின் 'கட்டுமரம்' 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே 'கேட்டமரன்' என ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. புனித இராயப்பரும் ஒரு மீனவரே. அவர் கலிலேயர் என்பதை அவருடைய பேச்சை வைத்தே எருசலேமில் கண்டுகொண்டனர். அப்பேச்சை மாற்றிக்கொண்டு வா என்று ஆண்டவர் அவரிடம் சொல்லவில்லை.

எனவே தோழியரே, கடற்கரை ஊர்களிலிருந்து வந்து நம்மோடு படிக்கும் சகோதரியரின் பேச்சைக் கேட்டு நகைப்பது நமக்கு அழகன்று. அச்சொல்லின் பொருளைக் கேட்போம். குறிப்பேட்டில் எழுதி வைப்போம். பெற்றோரே, உங்கள் தொழிலின் சொற்களைப் பிள்ளைகளிடம் கூசாமல் பேசுங்கள். நாங்கள் அவற்றைக் காப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி