ஏழாவது படி

இந்த வாரம் இந்தப் பகுதியில் சமையலும் இல்லை, தையலும் இல்லை. ஓர் ஏணியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் கணக்கோடு! பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெருக்கலும் வகுத்தலும்தான், பால் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பிரமாதமே அல்ல.

போகிக்கு முதல் நாள் பரண் சுத்தம் செய்யாத வீடு உண்டா? எங்கள் வீட்டில் அத்தை மூங்கில் ஏணியில் ஏறினாள். கீழே என் அக்காள் மகன், பன்னிரண்டு வயதுப் பையன், இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு படி, இரண்டு படி, ஐந்து படி, ஏணி அசையவில்லை. பித்தளை அண்டாவுக்கு அத்தை கையை நீட்டினாளோ இல்லையோ, ஏணியின் அடிப்பக்கம் சர்ரென்று வழுக்கிவிட்டது. அத்தைக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"எங்கேடா பராக்குப் பார்த்தாய்?" என்று வீடே பையனைப் பிடித்துக்கொண்டது. நானும்தான் திட்டினேன். அவன் ராத்திரி சாப்பிடவே இல்லை.

எனக்கும் தூக்கம் வரவில்லை. ஐந்து படி வரை அசையாத ஏணி அப்புறம் மட்டும் ஏன் வழுக்க வேண்டும்? கல்லூரியில் இப்படி ஒரு கணக்கு வரும். காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏணி சுவரைத் தொட்ட இடம் தரையிலிருந்து 10 அடி உயரம். அடிப்பக்கம் சுவரிலிருந்து 5 அடி தள்ளியிருந்தது. சம இடைவெளியில் பத்துப் படிகள். அத்தை 50 கிலோ, ஏணி 10 கிலோ. வெள்ளையடித்த சுவர் வழவழப்பானது. அது ஏணியை வெளியே தள்ளுமே தவிர மேலே தூக்கிப் பிடிக்காது என்று வைத்துக்கொள்வோம். ஆக, 60 கிலோவும் தரையின் தலையில்தான். சுவர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவையும் தரையின் உராய்வு தடுத்துப் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம். ஏணியின் அடியை ஒரு கீல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கதவைக் கீலின் மேலேயே எத்தனை பலமாகத் தள்ளினாலும் அது திரும்பாது அல்லவா? அதனால் தரையின் விசைகளை இந்தக் கணக்கில் விட்டுவிடலாம். மிஞ்சுவது இரண்டு. ஒவ்வொரு பாரத்தையும், அடியிலிருந்து அது எத்தனை அடி உள்ளே தள்ளி இருக்கிறதோ அதனால் பெருக்குங்கள். சுவரின் தள்ளலை 10 அடி உயரத்தால் பெருக்குங்கள். இரண்டும் சமமானால் ஏணி நிற்கும். திருப்புத்திறன் என்று புத்தகத்தில் சொல்வது இதைத்தான்.

ஏணியின் பாரம் அதன் நடுவில், அதாவது இரண்டரை அடி உள்ளே. பத்து இரண்டரை 25. முதல் படியில் அத்தை அரை அடி உள்ளே, அதுவும் 25. மொத்தம் 50, பத்தால் வகுத்தால் 5 கிலோ. தரைக்கு அது பொருட்டே அல்ல. ஏழாவது படியில் அதுவே 20 கிலோ. எட்டாவதில் இருபத்திரண்டரை. உச்சியில் இருபத்தேழரை.

எங்கள் கூடம் தேய்ந்த சிமெண்டுத் தரை. அன்று காலைதான் ஈரத் துணியால் துடைத்தது. பாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அது பிடிக்கும் என்று வைத்தேன். 60-ல் மூன்றில் ஒன்று 20. ஏழாவது படியோடு தரையின் கை ஓய்ந்துவிட்டது!

ஏணியை அவ்வளவு சாய்த்து வைத்தது யார்? நான்தான். நிமிர்த்தி வைத்தால் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம். 10 அடி உயரத்துக்கு இரண்டரை அடி தள்ளி வைத்திருந்தால், அதாவது நாலுக்கு ஒன்று, உச்சிப் படியில்கூடப் பதினாலு கிலோவுக்குள் முடிந்திருக்கும்.

பையனை என்ன செய்யச் சொல்லியிருக்க வேண்டும் தெரியுமா? ஏணியைப் பிடிக்க அல்ல, அடிப்படியில் ஏறி நிற்க. பாரம் கூடக் கூட உராய்வின் பிடியும் அதே வீதத்தில் கூடும் என்று அமோன்தான் என்ற பிரெஞ்சுக்காரர் 1699-லேயே சொல்லிவிட்டார். பையன் 30 கிலோ. அவன் முதல் படியில் நின்றால் தரை 30 கிலோ வரை பிடிக்கும். அத்தை உச்சிக்கே போனாலும், அவன் பங்கையும் சேர்த்துத் தேவை 29 கிலோதான். மயிரிழையில் என்றாலும் தப்பியிருப்பாள்.

காலையில் காகிதத்தைப் பையனிடம் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தான்.

"அப்படியானால் நேற்று என்னைத் திட்டியது, மாமா?"

அத்தை மாவுக்கட்டுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையதுதான் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் வாசலுக்குப் போய் இரும்புக் கேட்டில் ஏறி ஆட ஆரம்பித்தான்.

அதற்கும் இதே கணக்குத்தான். கேட் 24 கிலோ, அகலம் 3 அடி, கீல்களுக்கு நடுவே 3 அடி. கீழ்க் கீலிலிருந்து கணக்குப் போட்டால், மேல் கீலைக் கேட் பிடுங்குவது 12 கிலோ. விளிம்பில் பையன் தொங்கினால் இன்னும் 30, ஆக 42. மேல் கீலின் திருகாணி அடிக்கடி கழன்று வருவதன் ரகசியம் இதுதான்.

இந்தத் தடவை அவனைத் திட்ட என்னிடம் அத்தாட்சியே இருந்தது. வாயைத் திறக்கவில்லை.