பீரோவில் உறங்கும் காமிரா

விழுப்புரத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் நல்ல காமிரா இருக்கிறது. திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் ஒன்று. நான்கும் பீரோவில், பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில், உறையோடு உறங்குகின்றன. புடவையாவது கல்யாணத்துக்குக் கல்யாணம் வெளியே வரும். காமிராவுக்கு அந்த யோகமும் இல்லை. இவ்வளவு பணம் போட்டு வாங்கியதை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று அரையாண்டு விடுமுறையில் நால்வரிடமும் கேட்டேன். அவர்கள் பிடித்தது என்றும் பிடிக்காதது என்றும் சொன்னவற்றையும் அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

இவை டி.எஸ்.எல்.ஆர். என்னும் வகையைச் சேர்ந்தவை. லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே சாய்வாக நிற்கும் கண்ணாடி ஒன்று மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழும்பி வழிவிட, ஒளி பின்னாலுள்ள சென்ஸாரில் விழுகிறது. முன்பு பிலிம் இருந்த இடம் அது. இவ்வகைக் காமிரா நடுத்தரக் குடும்பத்தாரின் கைக்கு எட்டத் தொடங்கியது 2003ஆம் ஆண்டில் வந்த கேனன் 300டி என்பதிலிருந்துதான். நான் பார்த்த நான்கில் இரண்டு கேனன் 1500டி, ஒன்று நிக்கான் டி3500. இரண்டு மாதிரிகளும் 2018ல் வந்தவை. இரண்டிலும் படத்துக்கு 24 மெகாபிக்சல். நான்காவது சற்றுப் பழையது, அதன் பெயர் அழிந்துவிட்டது.

எல்லாரும் மெச்சிய முதல் விஷயம், கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சிறு ஜன்னல். அதன் அருமை எனக்குச் செஞ்சிக் கோட்டையில்தான் தெரிந்தது. 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை ஆயிற்றே என்று பெரியம்மா வீட்டாருடன் போயிருந்தோம். ராஜகிரியில் பாதி ஏறியபோது நல்ல உச்சிவெயில். கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் எல்லாரும் துப்பட்டாவால் திரையை மூடிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரியும். காமிராவின் ஜன்னலிலோ கீழே கல்யாண மகால் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னலில் கண்ணை வைத்தால் சுற்றியுள்ள பேச்சும் சற்று அடங்கிவிடுகிறது. அது ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது, பாட்டரி. ஒரு தடவை சார்ஜ் செய்தால் 1500டி சுமார் 500 படங்களும் டி3500 சுமார் 1550 படங்களும் எடுக்கும் என்பது கணக்கு. "திருவிழா முழுக்க எடுத்தேன், இன்னும் ஒரு கோடு குறையவில்லை" என்றார் டி3500 வைத்திருக்கும் எதிர்வீட்டு மாமா.

குறைகளுக்கு வருவோம். கனம், கழுத்து வலிக்கிறது என்றார்கள். திரையைத் தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை என்றார்கள். படத்தை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியவில்லை என்பதும் ஒரு பெரிய குறையாம்! இவற்றை நான் குறையாக எண்ணவில்லை. ஆனால் இரண்டு குறைகள் மெய்யானவை.

ஒன்று, தூரம். காமிராவோடு தரும் 18-55 லென்ஸ் எட்டத்துக்கு உதவாது. மரக்காணம் பக்கத்தில் 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளிக்கு எதிர்வீட்டு மாமா பூநாரை எடுக்கப் போனாராம். படத்தில் தண்ணீர் இருந்தது, வானம் இருந்தது, நடுவில் வெளிர்சிவப்பாக நாலு புள்ளி இருந்தது. அதுதான் பூநாரை என்று அவர் சொன்னதால் நம்பினேன்.

மற்றொன்று, இருட்டு. அந்த லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் 5.6 என்ற அளவுக்கு மேல் திறக்காது. பெரியம்மா பேத்தியின் புதுநன்மை அன்று கோவிலுக்குள் பிளாஷ் போடக் கூடாது என்று பங்குத் தந்தை முன்பே சொல்லிவிட்டார், அது நியாயமும்கூட. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், எடுத்த படங்களில் பீடத்து மெழுகுவர்த்திகள் நன்றாக இருந்தன. குழந்தையின் முகம் மட்டும் ரவை தூவினாற்போல் புள்ளியும் கலங்கலுமாக இருந்தது. இதற்கு மருந்து உண்டு. 50 மி.மீ., 1.8 என்ற சிறிய லென்ஸ் அதே இடத்தில் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். வாங்கும் நாளில் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. ஏமாந்தவர்கள் "கைப்பேசியே மேல்" என்று காமிராவைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

தோழியரே, இவ்வளவுதானா காரணம் என்றால் இல்லை. நான்கு காமிராக்களிலும் மேலே உள்ள சக்கரத்தைப் பார்த்தேன். நான்கும் தானியங்கிக் குறியிலேயே நின்றன. சக்கரத்தில் இருக்கும் மற்றக் குறிகளை ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை. நிக்கானில் புதியவர்களுக்குப் படிப்படியாகச் சொல்லித்தரும் 'கைடு' என்ற குறியே இருக்கிறது, அதுவும் தொடப்படவில்லை. வாங்கியவர்களுக்கு நேரமில்லை. நேரமுள்ளவர்களிடம் அது தரப்படுவதில்லை. நான்கும் மகன்களுக்காக வாங்கியவை. மகன்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் பெண்கள்.

அந்தப் புதுநன்மை நாளில் அண்ணன் பந்திக்குப் போனபோது நான் காமிராவை எடுத்தேன். "கீழே போட்டுடுவ, அண்ணன்கிட்ட குடுடி" என்று அம்மா அதட்டினார்கள். "இருக்கட்டும் விடு, கழுத்துல மாட்டிக்கிட்டுத்தானே இருக்கா" என்றார் பெரியம்மா. சக்கரத்தைத் திருப்பி, வாசல் திண்ணையில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த ஆயாவை எடுத்தேன். ஆல்பத்தில் ஆயா தனியாக இருக்கும் படம் அது ஒன்றுதான். மற்றவற்றில் ஓரத்தில் பாதி தெரிவார்கள்.

பெண்பிள்ளைக்குக் கனமான காமிரா எதற்கு என்பவர்கள் ஹோமாய் வியாரவாலாவை நினைத்துப் பார்க்கட்டும். 1913ல் பிறந்த அவர் நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். இன்றையதைவிடப் பல மடங்கு பருமனான காமிராவைச் சேலை கட்டிய தோளில் சுமந்து டில்லியெங்கும் சென்றார். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. 2011ல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கியது.

இம்மலரைப் புரட்டுங்கள். விளையாட்டு விழா, ஆண்டு விழா, மாதா திருநாள் பவனி ஆகிய எல்லாப் படங்களிலும் நாம் இருக்கிறோம். எடுத்தவர் வெளியிலிருந்து வந்த ஸ்டூடியோ அண்ணன். அவர் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார். ஆயினும் மதர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு யார் வீட்டுப் பீரோவிலிருந்தாவது ஒரு காமிராவை இரவல் வாங்கி, விளையாட்டு விழா அன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கழுத்தில் மாட்டுங்கள். சக்கரத்தைத் திருப்ப நான் இப்போதே சொல்லித்தருகிறேன். மார்ச்சில் எனக்குப் பொதுத்தேர்வு. அதன்பின் நான் இங்கே இருக்க மாட்டேன்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி